நாலு மாசம் கழிச்சு வந்தேன், பெரியவ என்கிட்ட வரவே மாட்டேங்குறா

தூக்கங்கெட்டவ எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருக்கேன், எழுதுறது இதான் மொத தடவ. மணி ராத்திரி ரெண்டே கால். சின்னவன் இப்பதான் பால் குடிச்சிட்டு தூங்குறான். பெரியவ பக்கத்து ரூம்ல அவ அப்பத்தாவ கட்டிப்புடிச்சிட்டு தூங்குறா. நான் மட்டும் போனை வெச்சிக்கிட்டு உக்காந்து அழுதுட்டு இருக்கேன்.

விசயம் இதான். பொண்ணுக்கு நாலு வயசு ரெண்டு மாசம், பையனுக்கு ரெண்டரை மாசம். நாங்க சென்னையில, என் அம்மா வீடு விருதுநகர் பக்கம். ரெண்டாவது பிரசவத்துக்கும் அம்மா வீட்டுக்குத்தான் போனேன், வளைகாப்பு கிடையாதுல்ல ரெண்டாவதுக்கு, சும்மா எட்டாம் மாசம் முடியறப்ப அவர் கொண்டு போயி விட்டுட்டு வந்தார். பாப்பாவ கூட்டிட்டு போகலாம்னுதான் நெனச்சேன், ஆனா அப்பதான் எல்கேஜி சேர்த்திருந்தோம், பீஸ் கட்டியாச்சு, நடுவுல நிறுத்துனா பழக்கம் போயிடும்னு எல்லாரும் சொன்னாங்க, அத்தையும் நான் பாத்துக்குறேன்மா நீ நிம்மதியா போன்னு சொன்னாங்க, சரின்னு விட்டுட்டு போயிட்டேன். நடுவுல பேர் வைக்கிற அன்னிக்கு ரெண்டு நாள் வந்தா, அவ்ளோதான். மொத்தம் நாலு மாசம்.

கெளம்புற அன்னிக்கு அவ தூங்கிட்டு இருந்தா. எழுப்புனா அழுவான்னு எழுப்பாமலே போயிட்டேன். இத எழுதவே கை வர மாட்டேங்குது.

தினமும் வீடியோ கால் பேசுவேன். மொத பத்து நாள் எப்பம்மா வருவ எப்பம்மா வருவன்னு கேட்டு அழுவா. அப்புறம் போனை குடுத்தாலே ஓடிப்போயிடுவா, அவ பழகிட்டா நல்லாத்தான் இருக்கா நீ கவலப்படாதன்னாங்க, நானும் அப்படியே நம்பிட்டேன்.

போன வாரம் திரும்பி வந்தோம். ஆரத்தி எடுக்குறப்ப அப்பத்தா முந்தானைக்கு பின்னாடி நின்னு ஏதோ விருந்தாளி ஆன்ட்டிய பாக்குற மாதிரி பாத்தா. வாடா தங்கம்னு கைய நீட்டுனேன், திரும்பிக்கிட்டா. இன்னிக்கு வரைக்கும் சோறு ஊட்டறது குளிப்பாட்டறது எல்லாமே அப்பத்தாதான், நான் போனா "நீ வேணாம் போ". ரெண்டு தடவ அத்தைய அம்மான்னு கூப்பிட்டா. அத்தை அப்ப சிரிச்சாங்க. பெருமையா சிரிச்சாங்கன்னு எனக்கு தோணுச்சு, அப்படி நெனச்சதுக்கு என் மேலயே கோவமும் வருது, நாலு மாசம் அவங்கதான பாத்தாங்க.

இன்னொன்னு, மூணு வயசுக்கு முன்னாடியே பாத்ரூம் பழக்கம் வந்த புள்ள இப்ப படுக்கையில போறா, ரெண்டு நாள் ஸ்கூல்லயும் ஜட்டி நனைஞ்சிருச்சு. மழலையா பேசுறா, "எனக்கும் பாலு"ன்னு சின்னவன் குடிக்கிறப்ப வந்து நிக்குறா. நேத்து அவன் தொடையில கிள்ளிட்டா, கன்னிப்போச்சு, நான் பளார்னு ஒண்ணு வெச்சிட்டேன். அவ அழவே இல்ல. "தம்பிய ஆயா வீட்லயே குடுத்துட்டு வந்துடு" அப்படின்னா.

சொந்தக்காரங்க வந்தா இன்னும் மோசம். "இனிமே உனக்கு மவுசு இல்லடி", "தம்பிதான் எங்களுக்கு, உன்ன தவிட்டுக்குத்தான வாங்குனோம்" இப்படி. அவங்க விளையாட்டுக்குத்தான் சொல்றாங்க, எனக்குத்தான் வயித்தெரிச்சலா இருக்கு. என் புள்ள என்னை மறந்துட்டாளா? யாராச்சும் இத தாண்டி வந்திருந்தா சொல்லுங்க.

---

ரெண்டு வாண்டு அப்பா எழுதினது:

சிஸ்டர் மொதல்ல அழுகைய நிறுத்துங்க. மறந்த புள்ள திரும்பிக்காது, சாதாரணமா வந்து உக்காந்து பிஸ்கட் கேக்கும். திரும்பிக்குதுன்னா கோவம், கோவம்னா நீங்க அதுக்கு முக்கியம். எங்க வீட்ல நடந்தத சொல்றேன், நான் பண்ணின தப்பையும் சேத்து.

பெரியவனுக்கு மூணே கால் வயசுல சின்னவ பொறந்தா. பிரைவேட் கம்பெனி, லீவு கேட்டேன், அப்படி ஒண்ணு நம்ம கம்பெனில இல்லன்னுட்டாங்க. சென்ட்ரல் கவர்மென்ட்ல ஆம்பளைக்கு 15 நாள் குடுக்குறாங்க, பிரைவேட்டுக்கு சட்டத்துல எதுவுமே கிடையாது, அத பத்தி பேச ஆரம்பிச்சா தனி திரெட் போடணும் விடுங்க. நான் வீட்டுக்கு வர்றதே ஒம்பது மணி. வந்ததும் பாப்பாவத்தான் தூக்குவேன், நாள் முழுக்க பாக்கலயேன்னு. அவன் செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருப்பான், எனக்கு உறைக்கவே இல்ல. எதுக்கு அழுதாலும் "நீ பெரிய பையன்ல, அழக்கூடாது"ம்பேன். மூணே கால் வயசு பெரிய பையன்! இப்ப நெனச்சா சிரிப்பா வருது. நேத்து வரைக்கும் வீட்லயே சின்ன புள்ள அவன், ஒரே ராத்திரியில எப்படி பெரியவன் ஆவான்.

ஒரு நாள் அவன் சின்னவ மூஞ்சில தலகாணிய வெச்சி அமுத்திட்டான். நான் பெல்ட்ட எடுத்துட்டேன். என் பொண்டாட்டி நடுவுல வந்து புடுங்கிட்டா, இல்லன்னா என்ன பண்ணியிருப்பேனோ. அன்னிக்கு ராத்திரி அவ ஒண்ணுதான் கேட்டா, "நாளைக்கு நான் இன்னொருத்தர இந்த வீட்டுக்கு கூட்டிட்டு வந்து, இவரையும் உங்கள மாதிரியே புடிக்கும், உங்க சட்டைய குடுங்க, நீங்க பெரியவர் கொஞ்சம் தள்ளி படுங்கன்னா எப்படி இருக்கும்"னு. அதுக்கு நான் பதிலே சொல்லல.

அப்புறம் பண்ணினது ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்கு வந்ததும் கை கழுவி மொதல்ல அவன தூக்குவேன். சனிக்கிழமை காலைல வண்டில முன்னாடி உக்கார வெச்சி டீக்கடைக்கு, அவனுக்கு ஒரு பட்டர் பிஸ்கட், அங்கயே நிக்கிற நாய்க்கு ஒண்ணு. நானும் அவனும் மட்டும். மூணு நாலு மாசம் ஆச்சு சரியாக, அதுலயும் நல்லா போயிட்டு இருக்கும் திடீர்னு ஒரு நாள் கடிச்சி வெப்பான். உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்? பதிவுல அவர் பேச்சே காணோமே. மூத்ததுங்க எப்பவுமே இப்படித்தான் புடிவாதமா இருக்கும்போல, நானும் மூத்தவன்தான்.

---

கம்பம் பாட்டி எழுதினது:

என் பேத்தி டைப் பண்ணி குடுக்குறா. படிச்சி காட்டுனா.

கண்ணு, நான் அஞ்சு பெத்தவ. எங்க காலத்துல இந்த சைக்காலஜி எல்லாம் எவ கண்டா, புள்ளைங்க வளரலயா. ஒண்ணு இடுப்புல ஒண்ணு வயித்துலன்னுதான் இருந்தோம். பெருசு சின்னத கிள்ளத்தான் செய்யும், ரெண்டு நாள்ல சரியாயிடும்னு விட்டுருவோம்.

ஆனா ஒண்ணு, நான் யோசிச்சி பாத்தேன். எங்க வீட்ல பெருசு அழுதா தூக்க நாத்தனா இருந்தா, ஓரகத்தி இருந்தா, பக்கத்து வீட்ல ஒரு கெழவி இருந்தா. அம்மா மடி இல்லன்னா ஏதோ ஒரு மடி. இப்ப உங்களுக்கு மூணு ரூமும் ஒரு டிவியும்தான் இருக்கு. உன் மாமியா மடியாச்சும் அந்த புள்ளைக்கு கெடச்சுதேன்னு சந்தோசப்படு, அவ மேல பொறாமப்படாத. அவ பெருமையா சிரிச்சா சிரிச்சிட்டு போறா, நாலு மாசம் ராத்தூக்கம் முழிச்சிருக்கா.

கொழந்தைய கால்ல போட்டு குளிப்பாட்டறப்ப பெருசையும் பக்கத்துல உக்கார வெப்போம். அதுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் உச்சில வெச்சி, குளிச்சு முடிச்சா ரெண்டு தலைக்கும் சாம்பிராணி. இப்ப சாம்பிராணி வேணாம்னு டாக்டருங்க சொல்றாங்களாம், நெஞ்சு சளி கட்டுதாம், சரி, எண்ணெயாச்சும் வெயி. தம்பி பேர சொல்லி அவ கையில ஒரு பொம்மைய குடு, "தம்பி உனக்கு வாங்கிட்டு வந்தான்"னு. பால் கேட்டா குடு, சப்பி பாத்துட்டு மூஞ்ச சுளிச்சிட்டு போயிடும், எந்த புள்ளையும் ரெண்டாவது நாள் கேட்டதில்ல.

தவிட்டுக்கு வாங்குனோம்னு எங்க அப்பாவ பெத்த ஆத்தா என்னைய சொல்லும். எனக்கு இப்ப எழுவத்தி நாலு. இன்னும் ஞாபகம் இருக்கு பாத்துக்க. மாவு மில்லுக்கு போறப்ப எல்லாம் தவிட்டு மூட்டைய பாத்துட்டு நிப்பேன், இதுல எந்த மூட்டைன்னு.

---

தூக்கங்கெட்டவ எழுதினது:

பாட்டி தவிட்டு மூட்டைன்னு படிச்சதும் சிரிச்சிட்டே அழுதுட்டேன்.

அண்ணா, அவர் நல்லவர்தான், ஷிப்ட் வேலை, ஒரு வாரம் நைட் ஒரு வாரம் பகல். நான் இல்லாத நாலு மாசமும் ஞாயித்துக்கிழமை பீச்சுக்கு கூட்டிட்டு போயிருக்கார். நான் வந்ததும் அது நின்னு போச்சு, எனக்கு ஒத்தாசையா வீட்ல இருக்கணும்னு அவரா நிறுத்திட்டார். நீங்க கேட்டதுக்கு அப்புறம்தான் அதையே யோசிச்சேன்.

---

வார்டு சிஸ்டர் எழுதினது:

நான் பிள்ளைங்க வார்டுல 16 வருசமா நர்ஸ். மனசு பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் உடம்ப பத்தி சொல்றேன், ஏன்னா ரெண்டாவது கொழந்த வந்த வீட்ல எது நடந்தாலும் "பொறாமை"ன்னு எழுதி மூடிடுவாங்க, அதுல நெஜமான வியாதி மறைஞ்சி போயிடும்.

அஞ்சு வயசு வரைக்கும் ராத்திரி படுக்கையில போறத வியாதின்னே நாங்க சொல்றதில்ல. ஆனா மாசக்கணக்கா நல்லா இருந்த புள்ள திரும்ப ஆரம்பிச்சா, அதுவும் பகல்லயும் போகுதுன்னா, ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க. யூரின் டெஸ்ட் ஒண்ணு, இன்பெக்‌ஷன் இருக்கான்னு தெரிஞ்சிடும், பொம்பள புள்ளைங்களுக்கு அது சாதாரணமா வரும். ரெண்டாவது, மோசன் எப்படி போறா? மூணு நாளைக்கு ஒரு தடவ கல்லு மாதிரி போறான்னா குடல் நெறஞ்சி மூத்திரப்பைய அமுக்கும், அதுலயே கசியும். இத எந்த அம்மாவும் யோசிக்கிறதே இல்ல, ஒண்ணுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க. மூணாவது அபூர்வம் ஆனா சொல்லாம விட முடியாது, அடிக்கடி தண்ணி தண்ணின்னு குடிச்சி நெறைய ஒண்ணுக்கு போயி எடையும் கொறஞ்சா அன்னிக்கே சுகர் பாக்கணும், நாளைக்குன்னு தள்ளக்கூடாது. சின்ன புள்ளைக்கு எங்கருந்து சுகர்னு நெனச்சி வீட்லயே வெச்சிருந்து மூச்சு வாங்குற நிலைமைல கொண்டு வர்றாங்க, நான் பாத்திருக்கேன்.

எதுவும் இல்லன்னா நிம்மதி. அப்புறம் பாயை மொட்டமாடில காயப்போட்டு எல்லார்கிட்டயும் சொல்லி சிரிக்காதீங்க, திட்டாதீங்க, தண்ணி குடுக்காம இருக்காதீங்க. பகல்ல நெறைய குடுத்து சாயங்காலத்துக்கு மேல கொறச்சா போதும்.

சின்னவன் விசயம். நாலு வயசு புள்ளைய கைக்கொழந்தையோட தனியா விட்டுட்டு பாத்ரூமுக்கு கூட போகாதீங்க. அவ கெட்டவன்னு இல்ல, அவளுக்கு தன் கை பலம் தெரியாது, கொழந்தைக்கு உச்சிக்குழி இன்னும் மூடல. அடிச்சத பத்தி நீங்களே வருத்தப்படுறீங்க, அதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. கைய புடிச்சி "தம்பிக்கு வலிக்கும், நான் விடமாட்டேன், உனக்கு கோவம்னா தலகாணிய குத்து" அவ்ளோதான், லெக்சர் வேணாம்.

கடைசியா உங்கள பத்தி. பிரசவம் ஆன மொத ரெண்டு வாரம் அழுகை வர்றது நெறைய பேருக்கு உண்டு, தானா போயிடும். உங்களுக்கு ரெண்டரை மாசம் ஆச்சு. தினமும் ராத்திரி இப்படித்தான் அழறீங்களா? கொழந்த தூங்குனாலும் உங்களுக்கு தூக்கம் வரலயா, எதுலயும் புடிப்பு இல்லயா, நான் லாயக்கில்லாத அம்மான்னு திரும்பத் திரும்ப தோணுதா? ஆமான்னா மூத்தவ பிரச்சனைக்கு முன்னாடி உங்களுக்குத்தான் பாக்கணும். டெலிவரி பாத்த டாக்டர்கிட்டயே சொல்லலாம், இல்ல 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு மனநல ஹெல்ப்லைன், அரசாங்கத்தோடது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். 104லயும் பேசலாம். வெக்கப்படாதீங்க. எங்க வார்டுல புள்ளைய காட்ட வர்ற அம்மாக்கள்ல பாதி பேர் மூஞ்சிய பாத்தா நோயாளி யாருன்னே எனக்கு சந்தேகம் வரும்.

---

கடைசி வருசம் எழுதினது:

நான் எம்எஸ்சி சைக்காலஜி கடைசி வருசம், டாக்டர் எல்லாம் இல்ல, படிச்சத சொல்றேன். உங்க பதிவ படிச்சப்ப கிளாஸ்ல போட்டு காட்டுன ஒண்ணு ஞாபகம் வந்து தூக்கமே வரல, அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

இங்கிலாந்துல ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன்னு புருசன் பொண்டாட்டி. 1969ல ஒரு டாக்குமெண்டரி எடுத்தாங்க. 17 மாசத்து பையன், பேரு ஜான். அவன் அம்மா ஆஸ்பத்திரிக்கு போறாங்க, எதுக்கு? ரெண்டாவது பிரசவத்துக்கு. அப்பா வேலைக்கு போகணும், அதனால அவன கொழந்தைங்க காப்பகத்துல விடுறாங்க. ஒம்பதே நாள். நர்சுங்க எல்லாம் நல்லவங்கதான், ஆனா ஷிப்டுக்கு ஷிப்டு மாறிட்டே இருப்பாங்க. மொதல்ல ரெண்டு நாள் சமாளிக்கிறான், ஒவ்வொரு நர்ஸா போயி ஒட்டிக்க பாக்குறான், பழக்கப்பட்ட மத்த புள்ளைங்க முந்திக்குதுங்க. அப்புறம் அழறான், சாப்பாடு வேணாங்குறான், கடைசில ஒரு பெரிய கரடி பொம்மைய கட்டிக்கிட்டு படுத்திருப்பான். ஒம்பதாம் நாள் அம்மா வந்து தூக்குறாங்க. அவன் கத்தி திமிறிட்டு அம்மா மூஞ்சியவே பாக்க மாட்டான். அந்த அம்மா மூஞ்சி எனக்கு மறக்கவே மாட்டேங்குது. உங்க ஆரத்தி சீன் அதேதான்.

ஆனா கதையோட மறுபாதிதான் உங்களுக்கு முக்கியம். அதே ராபர்ட்சன் தம்பதி அம்மா பிரசவத்துக்கு போன வேற நாலு புள்ளைங்கள தங்க வீட்லயே வெச்சி பாத்தாங்க, 10 நாள்ல இருந்து 27 நாள் வரைக்கும். ஒரே ஆள் பாத்துக்கறது, புள்ள தன்னோட போர்வை பொம்மையோட வர்றது, முன்கூட்டியே வீட்டுக்கு வந்து பழகுறது, அம்மா போட்டோ, அம்மாவ பத்தி பேச்சு, அப்பா வந்து பாத்துட்டு போறது. அந்த புள்ளைங்களுக்கும் வருத்தம் இருந்துச்சு, ஆனா ஜான் மாதிரி ஒடஞ்சி போகல. வித்தியாசம் மாறாத ஒரு மடிதான். பாட்டி அத எந்த புக்கும் படிக்காம சொல்லிட்டாங்க! உங்க அத்தை உங்க எடத்த புடிக்கல, உங்க பொண்ணு ஜான் ஆகாம பாத்துக்கிட்டாங்க. அதனால தயவுசெஞ்சி "இனிமே நான்தான் பாத்துக்கணும்"னு அத்தைகிட்ட இருந்து அவள ஒரேடியா பிரிக்காதீங்க, அவளுக்கு அது நாலு மாசத்துல ரெண்டாவது இழப்பு. அத்தை ஊட்டறப்ப பக்கத்துல உக்காருங்க, அது போதும் இப்போதைக்கு.

பிரிவுல புள்ளைங்க மொதல்ல அழுது ஆர்ப்பாட்டம் பண்ணும், அப்புறம் சோந்து போகும், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒதுங்கிடும், இத ஜான் பவுல்பின்னு ஒரு இங்கிலாந்து மனநல டாக்டரும் இதே ராபர்ட்சனும்தான் எழுதி வெச்சாங்க. அந்த மூணாவது நிலைமைய பாத்துத்தான் பெரியவங்க "பழகிட்டா"ம்பாங்க. உங்க பொண்ணு போனை பாத்து ஓடுனது அதுவா இருக்கலாம். நாலு வயசுக்கு 17 மாசத்த விட ரொம்ப புரியும், பேச்சு இருக்கு, அது பெரிய பலம். அதனால நேராவே சொல்லுங்க: "நீ தூங்குறப்ப சொல்லாம போயிட்டேன். அது தப்பு. நீ அழுதிருப்ப. என் மேல கோவம் இருந்தா சரிதான்." பதில் எதிர்பாக்காதீங்க. இனிமே கடைக்கு போனாலும் சொல்லிட்டு போங்க, அழுதாலும் பரவால்ல. நைசா நழுவறதுதான் நம்ம ஊர்ல எல்லாரும் பண்றது, ஆனா அப்புறம் புள்ள ஒவ்வொரு தூக்கத்தையும் சந்தேகப்படும்.

இன்னொன்னு, கேம்பிரிட்ஜ்ல ஜூடி டன்னும் கெரல் கெண்ட்ரிக்கும் ரெண்டாவது புள்ள பொறந்த 40 குடும்பத்த வீட்டுக்கே போயி பாத்தாங்க, 1982ல வெளிவந்துச்சு. எந்த அம்மாக்கள் மூத்ததுகிட்ட சின்னத ஒரு ஆளா பேசுனாங்களோ, "ஏன் அழறான்னு நெனக்குற, பசியா இருக்குமோ, உன்னை பாத்துதான் சிரிக்கிறான்", அந்த வீடுகள்ல ரெண்டும் பின்னாடி ஒத்துமையா இருந்துச்சு. அப்பாவோட நெருக்கமா இருந்த புள்ளைங்களுக்கு அம்மாவோட மல்லுக்கட்டு அவ்வளவா கூடல. அதனால பீச்சு நிக்கக்கூடாது!

தினமும் அஞ்சே நிமிசம் அவளோட மட்டும் விளையாடுங்க. அப்பா அம்மாவுக்கு குடுக்குற ஒரு தெரபில வீட்டுப்பாடமே இதான். கண்டிசன் என்னன்னா அவதான் தலைவி. கேள்வி கேக்கக்கூடாது, கத்துக்குடுக்கக்கூடாது, "இது என்ன கலர் சொல்லு" எல்லாம் கூடாது. அவ பண்றத சும்மா சொல்லிட்டே இருக்கணும், "ஓ, பொம்மைக்கு தோசை சுடுறியா". செஞ்சி பாருங்க, நம்ம வாய் எவ்ளோ கட்டளை போடுதுன்னு அப்பதான் தெரியும். அவ கிள்ளின அன்னிக்கும் இத நிறுத்தாதீங்க.

தவிட்டு ஜோக் அடிக்கிறவங்கள புள்ள முன்னாடியே நிறுத்துங்க. சிரிச்சிட்டே "இல்ல, இவ எங்க பொண்ணு, இவதான் எங்கள அம்மா அப்பா ஆக்குனவ"ன்னு. சொந்தக்காரங்களுக்கு மூஞ்சி சுருங்கும். சுருங்கட்டும்.

டீக்கடை அண்ணாவுக்கு: மூத்தது சிம்மாசனத்துல இருந்து எறக்கப்படுது, அது கொணத்துலயே பதியும்னு ஆட்லர்ங்குற அந்தக்கால மனநல டாக்டர் சொன்னது ரொம்ப பிரபலம். ஆனா 2015ல 20 ஆயிரம் பேருக்கு மேல வெச்சி பாத்தப்ப எத்தனாவதா பொறந்தோம்ங்குறதுக்கும் கொணத்துக்கும் சொல்லிக்கிற மாதிரி சம்பந்தமே இல்ல. அதனால உங்க புடிவாதம் உங்களோடதுதான் :)

---

ரெண்டு வாண்டு அப்பா எழுதினது:

என் பொண்டாட்டிகிட்ட கடைசி வரிய காட்டிட்டேன், பிரேம் போட்டு மாட்டணுமாம்.

ஒண்ணு மட்டும் பாட்டிகிட்ட ஒத்துக்க மாட்டேன். தங்கச்சி பொம்மை வாங்கிட்டு வந்தான்னு எங்க வீட்லயும் சொன்னோம். "அவளுக்கு ஏது காசு"ன்னு கேட்டுட்டான். அப்புறம் ஒரு மாசம் எத சொன்னாலும் நெஜமாவான்னு கேட்டுட்டே இருந்தான்.

---

கம்பம் பாட்டி எழுதினது:

உன் புள்ள வக்கீலுக்கு படிப்பான்.

---

தூக்கங்கெட்டவ எழுதினது:

எல்லாருக்கும் 19 நாள் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும்.

மொதல்ல சிஸ்டருக்கு. டாக்டர்கிட்ட போனோம். யூரின்ல ஒண்ணும் இல்ல, ஆனா வயித்த தொட்டு பாத்துட்டே மலச்சிக்கல்னுட்டார். தோண்டி துருவி கேட்டா, ஸ்கூல்ல பாத்ரூம் நாத்தமா இருக்குன்னு போறதே இல்லயாம். காலைல நான் இருந்தப்ப அஞ்சு நிமிசம் உக்கார வெச்சிதான் அனுப்புவேன், அது அத்தைக்கு தெரியாது, நானும் சொல்லிட்டு போகல, அவசரத்துல வேன் ஏத்திருக்காங்க. நாலு மாசமா அடக்கிட்டே இருந்திருக்கு புள்ள. மருந்து குடுத்தார், பத்து நாள்ல பகல்ல போறது நின்னுடுச்சு. ராத்திரி வாரத்துல ரெண்டு நாள் இருக்கு. நான் எல்லாமே என் மேல உள்ள கோவம்னு நெனச்சிட்டு இருந்தேன், பாதி அந்த பாத்ரூம்.

14416க்கும் பேசினேன். எழுதவே ஒரு மாதிரி இருக்கு ஆனா பேசினேன். ஆஸ்பத்திரில ஒரு மேடத்த பாக்க சொன்னாங்க, ரெண்டு தடவ போயிருக்கேன். அவர் ராத்திரி ஒரு தடவ பால எடுத்து வெச்சத குடுத்துடுறார், நான் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்குறேன். அதுவே பாதி மருந்துன்னு மேடம் சொன்னாங்க.

சொல்லாம போனது தப்புன்னு பாப்பாகிட்ட சொன்னேன். அவ கேட்ட மாதிரியே காட்டிக்கல, பென்சில் சீவிட்டே இருந்தா. அன்னிக்கு சாயங்காலம் அத்தைகிட்ட போயி "அம்மா சாரி சொல்லுச்சு"ன்னு சொல்லியிருக்கா. அத்தை என்கிட்ட வந்து, "எழுப்ப வேணாம்னு நாந்தாம்மா உங்கிட்ட சொன்னேன்"னு கண்ண தொடச்சாங்க. நான் அத மறந்தே போயிருந்தேன்.

அஞ்சு நிமிச விளையாட்டு மொத மூணு நாள் படு தோல்வி, "நீ போ அப்பத்தா வரட்டும்"னுட்டா. நாலாவது நாள் தீப்பெட்டிய வரிசையா வெச்சி ரயில் விட்டா. பொம்மைய ஓரமா நிக்க வெச்சிட்டு ரயில் கெளம்பிடுச்சு. ஏன்டா பொம்மைய விட்டுட்டன்னு கேக்க வாய் வந்துச்சு, கேள்வி கேக்கக்கூடாதுன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்து அடக்கிக்கிட்டு "பொம்மை ஸ்டேசன்ல நிக்குது"ன்னு மட்டும் சொன்னேன். "ஆமா. நெறைய நாள் நிக்குது. பிஸ்கட் கூட இல்ல"ன்னா. தினமும் அந்த ரயில்தான் ஓடுது. பொம்மை இன்னும் ஏறல.

தூங்கறது இன்னும் அப்பத்தா கூடத்தான். முந்தாநாள் சின்னவன் கால புடிச்சி இழுத்துட்டா. ஆனா காலைல தலை பின்ன என்கிட்ட வந்து உக்காந்தா, அவளா, சீப்ப எடுத்துட்டு.

இப்ப ஒரு கேள்வி. சின்னவனுக்கு மொட்டையும் காதுகுத்தும் ரெண்டு மாசத்துல, ஊர்ல கொலசாமி கோயில்ல. பொதிகை ரயில்ல போகணும். ஊருக்கு போறோம்னு சொன்னதும் பாப்பா மூஞ்சி மாறிடுச்சு, "நானும் வரவா இல்ல ஸ்கூல் இருக்கா"ன்னு கேட்டா. நீயும்தான்னு சொன்னேன். நம்பல. தினமும் கேக்குறா. எப்படி நம்ப வெக்கறது?

---

கம்பம் பாட்டி எழுதினது:

அவளுக்கும் புது பாவாட சட்டை எடு. தாய்மாமன் அவனுக்கு செய்யறப்ப இவளுக்கும் ஒரு வெள்ளி கொலுசோ என்னமோ போட சொல்லு. நாளுக்கு ஒரு சாமானா பையில அவளே எடுத்து வெக்கட்டும்.

---

ரெண்டு வாண்டு அப்பா எழுதினது:

சிஸ்டர், அஞ்சு வயசுக்கு கீழ டிக்கெட் வேணாம்னு அவள கணக்குல சேக்காம புக் பண்ணிடாதீங்க. பெர்த் வேணும்னு போட்டா முழு டிக்கெட் ஆகும், காசு போனா போகட்டும். அவளுக்குன்னு ஒரு பெர்த் வரும், மெசேஜ்ல பெர்த் நம்பர் வரும், சார்ட்ல அவ பேரும் வரும். அந்த நம்பர ஒரு தாள்ல எழுதி இப்பவே அவ கையில குடுத்துடுங்க, பிரிட்ஜ்ல ஒட்டிக்கட்டும்.